டவுன்பைப்: ஒரு குழாய் சுமக்கும் மூன்று வேலைகள்

டர்போ கார் வச்சிருக்கிறவங்க முதல்ல கழற்ற நினைக்கிற பாகம் டவுன்பைப். டர்பைனைச் சுற்றிவிட்டு வெளியே வரும் புகை இறங்குகிற முதல் குழாய் அது. கம்பெனி கொடுத்தது ஒல்லியா இருக்கு, நடுவுல கேட்டலிடிக் கன்வர்ட்டர் வேற அடைச்சுக்கிட்டு இருக்கு, மூணு அங்குலக் குழாய் போட்டா வண்டி பறக்கும் என்பது பொதுவான பேச்சு. அதில் பாதி உண்மை. மீதிப் பாதியைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் சரித்திரம் வேண்டும்.

முதலில் உண்மையான பாதி. டர்பைனுக்கு முன்னால் இருக்கும் அழுத்தத்துக்கும் பின்னால் இருக்கும் அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் அதைச் சுழற்றுகிறது. பின்னால் அடைப்பு குறைந்தால் டர்போ சீக்கிரம் விழிக்கும். டர்போ இல்லாத எஞ்சினில் புகை அலைகளின் தாளத்துக்கு ஏற்பக் குழாயின் நீள அகலத்தைக் கணக்கிட வேண்டும். டர்பைனைத் தாண்டும்போது அந்த அலைகள் பெரும்பாலும் அடங்கிவிடுவதால், இங்கே பெரிய குழாய் நல்ல குழாய்தான். இரண்டரை அங்குலத்திலிருந்து மூன்று அங்குலத்துக்குப் போனால் பரப்பு 44 சதவீதம் கூடுகிறது.

அப்புறம் கம்பெனிக்காரன் ஏன் அப்படி வச்சான்? செலவு, சத்தம், இடம் எல்லாம் காரணம்தான். ஆனா பழைய கோடில் எதுக்குன்னே புரியாத ஒரு வரி இருந்தா, அது எந்த பக்-க்காக வந்துச்சுன்னு பார்க்காம அழிக்கக் கூடாது என்பது எங்க தொழில் பாடம். இந்தக் குழாயிலும் அப்படி மூணு வரிகள் இருக்கு.

முதல் வரி 1962-இல் எழுதப்பட்டது. அந்த வருஷம் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் இரண்டு டர்போ கார்களை விற்பனைக்கு விட்டது. ஓல்ட்ஸ்மொபீல் ஜெட்ஃபயர் ஒன்று, செவ்ரோலே கார்வேர் மோன்ஸா ஸ்பைடர் இன்னொன்று. ஜெட்ஃபயரில் பூஸ்ட் எல்லை மீறாமல் இருக்க, டர்பைனைச் சுற்றிப் புகையைத் திருப்பிவிடும் வேஸ்ட்கேட் இருந்தது. கார்வேரில் அது கிடையாது. உள்ளே கார்புரேட்டரின் தடையும் வெளியே சைலென்சரின் பின்னழுத்தமும் சேர்ந்துதான் பூஸ்டுக்குக் கடிவாளம் போட்டன. அதாவது அந்த அடைப்பு டிசைனிலேயே சேர்ந்தது. புகைவழியைத் திறந்துவிட்டால் கடிவாளமும் சேர்ந்து அவிழ்ந்துவிடும்.

இரண்டாவது வரிக்கு லாஸ் ஏஞ்சலிஸ் போக வேண்டும். 1950 வாக்கில், கால்டெக்கில் அன்னாசிப்பழ வாசனையை ஆராய்ந்துகொண்டிருந்த ஆரி ஹாகன்-ஸ்மிட் என்ற வேதியியலாளர் அந்த ஊர்க் காற்றையே ஆராயத் தொடங்கினார். கண்ணை எரிக்கும் புகைமூட்டம், ஹைட்ரோகார்பனும் நைட்ரஜன் ஆக்ஸைடும் வெயிலில் சேர்ந்து உண்டாவது என்று காட்டினார். கைகாட்டியது கார்களை நோக்கி. அதே பத்தாண்டில் யூஜின் ஹௌட்ரி என்ற பிரெஞ்சுப் பொறியாளர் காருக்கான கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குக் காப்புரிமை வாங்கினார். ஆனால் அன்றைய பெட்ரோலில் இருந்த ஈயம் வினையூக்கியின் மேல் படிந்து அதைச் செயலிழக்கச் செய்தது. சரக்கு இருந்தும் ஓட்ட வழியில்லை.

1970-இல் வந்த தூய காற்றுச் சட்டம், 1975 மாடல் கார்களில் கார்பன் மோனாக்ஸைடும் ஹைட்ரோகார்பனும் 90 சதவீதம் குறைய வேண்டும் என்றது. 1974 ஜூலையில் அமெரிக்க பங்க்குகளில் ஈயமில்லா பெட்ரோல் கட்டாயமானது. 1975 மாடல்களில் கன்வர்ட்டர் பரவலாக ஏறியது. நம்ம ஊருக்கு இந்தக் கதை இருபது வருஷம் தள்ளி வந்தது. 1995 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதுக் கார்களுக்குக் கன்வர்ட்டரும், அவற்றுக்காக ஈயமில்லா பெட்ரோலும் வந்தன. நாடு முழுக்க ஈயம் போனது 2000-இல்.

இங்கேதான் டர்போவுக்கும் கன்வர்ட்டருக்கும் சண்டை தொடங்குது. கன்வர்ட்டர் சுமார் 250-300 டிகிரி சூடானால்தான் வேலையே செய்யும். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பிய முதல் ஓரிரு நிமிடங்களில்தான் பெரும்பகுதி ஹைட்ரோகார்பன் தப்பிக்கிறது. ஆனால் புகைவழியில் முதலில் நிற்பது டர்போ என்ற இரும்புக் கட்டி. சூட்டை அது முதலில் குடித்துவிடும். அதனால்தான் கன்வர்ட்டரை டர்பைனின் வாயை ஒட்டி, டவுன்பைப்பிலேயே வைக்கிறார்கள். அமெரிக்காவில் 2002 மாடலாக வந்த சுபாரு டபிள்யூஆர்எக்ஸில் ஒரு படி மேலே போய், டர்போவுக்கு முன்னால் அப்பைப்பிலும் ஒரு சின்னக் கன்வர்ட்டர் வைத்தார்கள். அது உடைந்தால் துண்டுகள் நேராக டர்பைனுக்குள் போகும் என்பது அந்தக் கார்க்காரர்களின் நிரந்தரக் கவலை.

மூன்றாவது வரி, உளவு பார்ப்பது. 1996 மாடலிலிருந்து அமெரிக்காவில் ஓபிடி-2 கட்டாயம். கன்வர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் இரண்டாவது ஆக்ஸிஜன் சென்சார், அது வேலை செய்கிறதா என்று கணினிக்குச் சொல்லும். இல்லையென்றால் பி0420 என்ற கோடும் எஞ்சின் விளக்கும் வரும். 1990-இன் சட்டத் திருத்தம் மெக்கானிக்கை மட்டுமல்ல, சொந்தக்காரர் தானே கழற்றுவதையும் குற்றமாக்கியது.

ஆக, குழாயை மாத்தும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒண்ணுதான்: பழைய குழாய் செய்த மூணு வேலையையும் இனி யார் செய்வாங்க?

பூஸ்ட் வேலையை வேஸ்ட்கேட்டும் டியூனும் செய்ய வேண்டும். டபிள்யூஆர்எக்ஸில் பின்னழுத்தம் திடீரென்று குறைந்தால், சின்ன வேஸ்ட்கேட் முழுசாகத் திறந்தும் போதாமல் பூஸ்ட் தானாக ஏறலாம். இதை பூஸ்ட் க்ரீப் என்பார்கள். கார்வேரின் பழைய பாடம்தான். அதனால் குழாயின் வாயைப் பாருங்க. டர்பைன் புகையும் வேஸ்ட்கேட் புகையும் ஒரே அகலமான வாயில் விழுவது பெல்மௌத். இரண்டையும் தனித்தனியாகக் கொஞ்ச தூரம் கொண்டுபோய்ச் சேர்ப்பது டைவோர்ஸ்டு. டைவோர்ஸ்டில் இரண்டு புகையும் மோதாது, ஆனால் வேஸ்ட்கேட் குழாய் ஒல்லியாக இருந்தால் அதுவே க்ரீப்புக்கு வழி. எந்த வாயானாலும், டியூன் செய்யாமல் ஒரு நாள் கூட முழு பூஸ்டில் ஓட்டக் கூடாது. அந்தக் காசையும் குழாயின் விலையோடு சேர்த்தே கணக்குப் போடுங்க.

காற்றின் வேலைக்கு ஹை-ஃப்ளோ கன்வர்ட்டர். சதுர அங்குலத்துக்கு 400 அறைகள் இருக்கும் இடத்தில் 200 இருந்தால் அடைப்பு குறையும், சுத்திகரிப்பும் கொஞ்சம் குறையும். மலிவுச் சரக்கில் விலையுயர்ந்த உலோகம் பெயருக்குத்தான் இருக்கும். கலிஃபோர்னியாவில் அந்தக் குழாய்க்கு நிர்வாக ஆணை எண் இருக்கிறதா என்று கேட்பார்கள். இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இருக்கிறது.

மூணாவது வேலையில்தான் ஏமாத்து நடக்குது. சென்சாரைக் கொஞ்சம் வெளியே தள்ளிவைக்கும் ஸ்பேசர், கணினிக்குப் பொய் சொல்லுவதற்காக விற்கப்படுகிறது. அது விளக்கை அணைக்கும், புகையை அணைக்காது.

கன்வர்ட்டரே இல்லாத குழாய்க்கும் நல்ல ஹை-ஃப்ளோ கன்வர்ட்டர் உள்ள குழாய்க்கும் தெருவில் ஓட்டும் வண்டியில் தெரியும் வித்தியாசம், விலையைச் சொல்லும்போது நினைப்பதைவிடச் சின்னது. அந்தச் சின்ன வித்தியாசத்துக்காக, காலையில் வண்டியைக் கிளப்பும்போது பக்கத்து வீட்டுக் குழந்தை எதைச் சுவாசிக்க வேண்டும் என்பதை நீங்க முடிவு பண்றீங்க. ரேஸ் டிராக்கில் மட்டும் ஓடும் வண்டியின் கணக்கு வேறு. தெருவில் ஓடுவதற்கு, மூணு அங்குலம், தரமான கன்வர்ட்டர், முறையான டியூன், உண்மை பேசும் சென்சார். இதுக்குக் காசு பத்தலைன்னா, சேரும் வரை கம்பெனிக் குழாயே இருக்கட்டும்.