குழாய் பதிக்கும் கைக்கு உரிமம்: ஒரகடம் தொழில்வழியில் ஸ்பிரிங்க்ளர் ஒப்பந்ததாரர் தகுதி குறித்து ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருளும் எல்லையும்

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் படப்பையைக் கடந்து ஒரகடம் நோக்கிச் செல்பவர் இரண்டு வகைக் கட்டடங்களைக் காண்பார். ரெனால்ட், டெய்ம்லர், ராயல் என்ஃபீல்டு, அப்போலோ டயர்ஸ் ஆகிய பெருநிறுவனங்களின் ஆலைகள் ஒரு வகை. அவற்றைச் சுற்றி வளர்ந்த உதிரிபாகப் பட்டறைகளும் சரக்குக் குடோன்களும் மற்றொரு வகை. பெருநிறுவனம் தன் தாய்நிறுவனத்தின் பாதுகாப்பு விதிகளையும் காப்பீட்டாளரின் நிபந்தனைகளையும் கையோடு கொண்டுவருவது வழக்கம். குடோன் உரிமையாளருக்கு அப்படி ஒரு மேலிடம் இல்லை. அவர் மூன்று கொட்டேஷன் வாங்குவார், குறைந்த தொகைக்கு வேலையைக் கொடுப்பார்.

அந்த வேலையை எடுத்துச் செய்யும் ஸ்பிரிங்க்ளர் காண்ட்ராக்டருக்கு என்ன தகுதி இருக்க வேண்டும், அதை யார் சோதிக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. தீயணைப்பான் உருளை விற்போர், எச்சரிக்கை மணி அமைப்போர் ஆகியோரை இது எடுத்துக்கொள்ளவில்லை. நிலையான குழாய் அமைப்பின் வடிவமைப்பு, பொருத்துதல், பராமரிப்பு ஆகியவையே இதன் எல்லை.

கட்டுரையின் நிலைப்பாடு இது: தமிழ்நாட்டுச் சட்டம் கட்டடத்துக்கு உரிமம் கேட்கிறது, அக்கட்டடத்தைக் காக்கும் அமைப்பைப் பொருத்துபவரின் திறனைக் கேட்பதில்லை. இந்த இடைவெளியை அடைக்க ஒப்பந்ததாரர் உரிமம் தேவை. ஆனால் அது நிறுவனத்தின் பெயருக்கு வழங்கும் தாளாக இருந்தால் பயனில்லை. பொறுப்பேற்கும் ஆளையும் செய்த வேலையின் பதிவையும் அது பிணைக்க வேண்டும்.

2. திறன்சான்று தேவைப்படுவதன் தொழில்நுட்பக் காரணம்

2.1 கணக்கு

ஸ்பிரிங்க்ளர் வேலையைத் தண்ணீர்க் குழாய் வேலை என்று நினைப்பதிலிருந்தே பிழை தொடங்குகிறது. குடிநீர்க் குழாயில் பிழை இருந்தால் அன்றே தெரிந்துவிடும். ஸ்பிரிங்க்ளர் குழாயில் உள்ள பிழை தீப்பிடிக்கும் நாள்வரை வெளிவராது.

நடுத்தர அபாய வகுப்புக்கு இந்திய நடைமுறையில் நிமிடத்துக்கு 5 மி.மீ. நீர்ப்பொழிவு, 360 ச.மீ. பரப்பு என்று வடிவமைப்பார்கள். ஒரு ஸ்பிரிங்க்ளர் தலைக்கு அதிகபட்சம் 12 ச.மீ. ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. நீர் என்பது ஒரு லிட்டர். ஆகவே ஒரு தலையிலிருந்து நிமிடத்துக்கு 60 லிட்டர் வர வேண்டும். கே-80 வகைத் தலை ஒரு பார் அழுத்தத்தில் 80 லிட்டர் தரும். நீரின் அளவு அழுத்தத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப மாறும். எனவே 60 லிட்டருக்குத் தலையருகே சுமார் 0.56 பார் போதும்.

இப்போது, இப்படி அமைத்த ஒரு குடோனில் வாடகைதாரர் மாறுகிறார். தரையில் கிடந்த இரும்புப் பாகங்கள் போய், உயரமான ராக்குகளில் பிளாஸ்டிக் பெட்டிகள் ஏறுகின்றன. நீர்ப்பொழிவை இருமடங்காக்க வேண்டுமென்றால் அதே தலைக்கு 2.25 பார், அதாவது நான்கு மடங்கு அழுத்தம் வேண்டும். குழாயினுள் உராய்வினால் இழக்கும் அழுத்தம் தனி. பம்ப், குழாய் விட்டம், தொட்டியின் கொள்ளளவு என எல்லாவற்றையும் புதிதாகக் கணக்கிட வேண்டும். சரக்கின் உயரத்தைப் பொறுத்து ராக்குகளுக்கு உள்ளேயும் தலைகள் தேவைப்படலாம். இதை அறியாதவர் செய்யும் வேலை, உத்தரத்தில் தலைகள் தொங்குவதால் முழுமையாகவே தோன்றும்.

2.2 தேர்வும் பொருத்துதலும்

தலையிலுள்ள கண்ணாடிக் குமிழின் நிறம் அது உடையும் வெப்பநிலையைச் சொல்லும்: சிவப்பு 68, மஞ்சள் 79, பச்சை 93 டிகிரி. அந்த இடத்தில் எதிர்பார்க்கும் உச்ச வெப்பத்தைவிடக் குறைந்தது 30 டிகிரி கூடுதலாகக் குமிழ் இருக்க வேண்டும். தகரக் கூரையடியில் கோடையில் 50 டிகிரி ஏறுமானால் சிவப்பும் மஞ்சளும் விலக்கப்பட்டுவிடும். ஸ்டாக்கில் இருப்பதை மாட்டிவிட முடியாது. பெயின்டர் வண்ணம் பூசிய தலையை நீக்கிப் புதிதாகப் போட வேண்டும். துடைத்து மீண்டும் பயன்படுத்துவது தவறு. பம்ப் ரூமில் ஜாக்கி பம்ப், மின்சாரப் பம்ப், டீசல் பம்ப் மூன்றும் அழுத்தம் இறங்க இறங்க வரிசையாகத் தொடங்குமாறு அமைக்க வேண்டும். இவை ஒவ்வொன்றும் கற்றுத் தேற வேண்டிய செய்தி.

3. தமிழ்நாட்டில் இன்றுள்ள சட்ட நிலை

3.1 கட்டடத்தை நோக்கிய சட்டம்

அடிப்படைச் சட்டம், தமிழ்நாடு தீயணைப்புப் பணி சட்டம், 1985. அதன் 13-ஆம் பிரிவின்கீழும் 1990 விதிகளின்கீழும் குறிப்பிட்ட வகைப் பயன்பாட்டிலுள்ள இடங்களுக்குத் தீ உரிமம் வழங்கப்படுகிறது. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019, உயரம் 18.30 மீட்டரைத் தாண்டும் கட்டடத்தை உயர்மாடி வகையில் வைக்கிறது. அதற்குத் தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறையின் தடையின்மைச் சான்று வேண்டும். எதை அமைக்க வேண்டும் என்பதை இந்தியத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, 2016-இன் நான்காம் பகுதி சொல்கிறது. எப்படி அமைக்க வேண்டும் என்பதை இந்தியத் தரநிலை 15105 சொல்கிறது. ஸ்பிரிங்க்ளர் தலைக்கெனத் தரநிலை 9972 உள்ளது.

ஆக, ‘எது’, ‘எப்படி’ என்ற இரண்டுக்கும் விடை உண்டு. ‘யார்’ என்பதற்குத்தான் இல்லை. மகாராஷ்டிரத்தில் இருப்பதைப் போல உரிமம் பெற்ற முகமை என்ற ஒரு வகையை 1985 சட்டம் உருவாக்கவில்லை.

3.2 தொழிற்சாலையை நோக்கிய சட்டம்

தொழிற்சாலைகள் சட்டம், 1948-இன் 38-ஆம் பிரிவு, தீத்தடுப்புக்கும் தொழிலாளர் தப்பிக்கும் வழிக்கும் ஆலையை நடத்துபவரைப் பொறுப்பாக்கியது. இந்தக் கடமை சரியானதே. ஆனால் பொறுப்பேற்பவருக்கு, தான் அமர்த்தும் ஆள் திறமையானவரா என்று அறிய நம்பகமான அளவுகோல் எதையும் அது தரவில்லை.

3.3 ஒப்பந்ததாரர் கையிலுள்ள தாள்கள்

ஆலை வாயிலில் ஒப்பந்ததாரரிடம் கேட்கும் தாள்களைப் பார்த்தால் நிலை விளங்கும்: ஜி.எஸ்.டி. பதிவு, பி.எஃப். எண், இ.எஸ்.ஐ. எண், ஒப்பந்தத் தொழிலாளர் உரிமம். வரியும் தொழிலாளர் நலனும் இவற்றின் நோக்கம். அவற்றுக்கு அவை அவசியம். இவற்றுள் ஒன்றுகூட, அவருக்கு நீரியல் கணக்குப் போடத் தெரியுமா என்று கேட்பதில்லை. வேலை சப்-காண்ட்ராக்ட் ஆகும்போது நிலைமை இன்னும் மோசமாகிறது. ஆர்டர் எடுத்தவர் ஒருவர், வரைபடம் போட்டவர் மற்றொருவர், லேபர் ரேட்டுக்குக் குழாய் ஏற்றியவர் வேறொருவர் என்றாகிவிட்டால், பிழைக்கு யாரைக் கேட்பது?

4. காப்பீடு காவல் நின்ற காலம்

உலகெங்கும் ஸ்பிரிங்க்ளர் விதிகளை முதலில் எழுதியவர்கள் அரசினர் அல்லர், காப்பீட்டாளர்கள். ஹென்றி பார்மலி 1874-இல் அமெரிக்காவின் நியூ ஹேவனில் தன் பியானோ தொழிற்சாலையைக் காக்கவே தானியங்கித் தலையை அமைத்தார். பிரீமியம் குறையும் என்ற ஆசையே அடுத்தடுத்த ஆலைகளுக்கு அதைக் கொண்டுசென்றது.

இந்தியாவில் அந்த இடத்தைக் கட்டண ஆலோசனைக் குழு வகித்தது. தொழில் வட்டாரம் டி.ஏ.சி. என்றே அதை அறியும். அதன் விதிப்படி அமைத்த ஆலைக்குத் தீக்காப்பீட்டுக் கட்டணத்தில் தள்ளுபடி கிடைத்தது. தள்ளுபடி வேண்டுமானால் வரைபடம் ஒப்புதல் பெற வேண்டும், வேலை முடித்தவர் சான்று தர வேண்டும். ஒப்பந்ததாரரின் தரத்தை இந்தப் பணக்கணக்கு மறைமுகமாகக் காத்தது எனலாம்.

2007 ஜனவரி 1 முதல் தீக்காப்பீட்டுக் கட்டணத்தை அந்தந்த நிறுவனமே முடிவுசெய்யலாம் என்றானது. போட்டியில் கட்டணம் இறங்கியபோது தள்ளுபடியின் கவர்ச்சியும், அதனோடு ஒரே மாதிரியான வெளிச்சோதனையும் தளர்ந்தன. ஒரகடம் தொழில்வழியின் பெரிய ஆலைகள் பல உற்பத்தியைத் தொடங்கியது 2010-இலும் அதற்குப் பிறகும். அதாவது பழைய காவல் விலகிய பின்பே இந்த வட்டாரம் கட்டப்பட்டது. புதிய காவல் எதுவும் அந்த இடத்துக்கு வரவில்லை.

5. ஒப்பீடு

5.1 அதே பம்ப் ரூமில் உள்ள மின் ஒப்பந்ததாரர்

நெருங்கிய முன்னுதாரணம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. இந்திய மின்சார விதிகள், 1956-இன் 45-ஆம் விதி, மின்னமைப்பு வேலையை உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரே செய்ய வேண்டும் என்றது. பின்வந்த ஒழுங்குமுறைகளும் அதைத் தொடர்கின்றன. தமிழ்நாட்டில் மின் உரிம வாரியம் இதை நடத்துகிறது. ஒப்பந்ததாரருக்கு உரிமம், மேற்பார்வையாளருக்கும் வயர்மேனுக்கும் தனித்தனித் திறன்சான்று, கையில் இருக்க வேண்டிய சோதனைக் கருவிகள் என மூன்று அடுக்கு.

படப்பையில் ஒரு குடோனின் பம்ப் ரூமுக்குள் நுழைந்தால் இந்த முரண் கண்ணெதிரே நிற்கும். பம்புக்குக் கேபிள் இழுத்தவர் உரிமம் பெற்றவராக இருக்க வேண்டும். அந்தப் பம்பிலிருந்து கூரைவரை குழாய் ஏற்றியவருக்கு அந்தத் தேவை இல்லை. இரண்டும் உயிர் காக்கும் வேலைகள்தாம்.

5.2 மகாராஷ்டிரம்

மகாராஷ்டிரத் தீத்தடுப்பு மற்றும் உயிர்ப்பாதுகாப்பு நடவடிக்கைகள் சட்டம், 2006 இந்த வேலையை உரிமம் பெற்ற முகமைகளுக்கு ஒதுக்குகிறது; மற்றவர் செய்வதைத் தடுக்கிறது. அமைப்பு நிறைவுற்றதும் ‘அ’ படிவச் சான்றும், பிறகு ஆண்டுதோறும் ஜனவரி, ஜூலை மாதங்களில் அது நல்ல நிலையில் இருப்பதாக ‘ஆ’ படிவச் சான்றும் முகமை தர வேண்டும். உண்மையில் வேலை நடக்காமல் சான்று தருவதும் தடைசெய்யப்பட்டுள்ளது.

தமிழ்நாடு இதில் கற்க வேண்டியவை இரண்டு. ஆறு மாதச் சான்று என்ற ஏற்பாடு பின்பற்றத் தக்கது. ஏனெனில் பொருத்திய நாளில் சரியாக இருந்த அமைப்பு, மூடிய வால்வு ஒன்றினால் செயலற்றுப்போகலாம். ஆனால் சான்று தருபவருக்குக் கூலி கொடுப்பவர் உரிமையாளரே என்பது அந்த ஏற்பாட்டின் உள்ளார்ந்த பலவீனம். கடுமையாகச் சோதிப்பவரை மறுமுறை அழைக்காமல் விட்டுவிட உரிமையாளரால் முடியும்.

5.3 வெளிநாடுகள்

டெக்சாஸ் மாநிலத்தில் ஸ்பிரிங்க்ளர் நிறுவனம் மாநிலத் தீயணைப்புத் தலைமை அலுவலகத்தில் பதிவு பெற வேண்டும். உரிமம் பெற்ற பொறுப்பு அலுவலர் ஒருவரை முழுநேரமாக வைத்திருக்கவும் வேண்டும். பொது உரிமத்துக்கு, பொறியியல் தொழில்நுட்பர்களுக்குச் சான்று வழங்கும் நைசெட் அமைப்பின் மூன்றாம் நிலைத் தேர்ச்சி தகுதியாக ஏற்கப்படுகிறது. பிரிட்டனில் எல்.பி.எஸ். 1048 என்ற தரத்தின்கீழ் ஒப்பந்ததாரருக்கு நான்கு படிநிலைகள் உண்டு. எந்த வகை வேலையைச் செய்யலாம் என்பது படிநிலையைப் பொறுத்தது. சிங்கப்பூரில், பதிவுபெற்ற ஆய்வாளர் வேலையைச் சோதித்த பிறகே தீப்பாதுகாப்புச் சான்று கிடைக்கும். அந்த வேலையில் அவருக்குத் தொழில் தொடர்போ பண நலனோ இருக்கக் கூடாது. மகாராஷ்டிர ஏற்பாட்டில் நாம் கண்ட பலவீனத்துக்கு இதுவே மருந்து.

6. முன்மொழியும் உரிமக் கட்டமைப்பு

6.1 ஆள். ஒவ்வொரு நிறுவனத்திலும் தேர்வெழுதித் தேறிய பொறுப்புப் பொறியாளர் ஒருவர் இருக்க வேண்டும். ஒருவர் ஒரு நிறுவனத்துக்கே பொறுப்பேற்கலாம். பெயரை வாடகைக்கு விடுவதை அது தடுக்கும். ஃபிட்டருக்கு எழுத்துத் தேர்வைவிடச் செய்முறைத் தேர்வே பொருத்தம். தமிழிலும் இந்தியிலும் அது நடக்க வேண்டும்.

6.2 நிறுவனம். சோதனைப் பம்ப், ஓட்டமானி, அழுத்தமானி ஆகியவை சொந்தமாக இருக்க வேண்டும். பிழையால் வரும் இழப்புக்குப் பொறுப்புக் காப்பீடு எடுத்திருக்க வேண்டும்.

6.3 படிநிலை. அலுவலகம், விடுதி போன்ற குறை அபாயக் கட்டடங்களுக்கு முதல் நிலை. உற்பத்திக் கூடத்துக்கு இரண்டாம் நிலை. உயர்ராக்குக் குடோன், டயர், பெயின்ட், பேட்டரி ஆகியவற்றுக்கு மூன்றாம் நிலை.

6.4 வேலைப்பதிவு. நீரியல் கணக்கு, அழுத்தச் சோதனை, ஓட்டச் சோதனை ஆகியவற்றின் பதிவுகள் துறையின் இணையப் பதிவேட்டில் ஏற வேண்டும். எந்தச் சரக்கு, எந்த உயரம் என்ற அனுமானத்தைப் பம்ப் ரூம் சுவரில் எழுதி வைக்க வேண்டும். வாடகைதாரர் மாறும்போது மறு கணக்கு கட்டாயம்.

6.5 தனிச்சோதனை. மூன்றாம் நிலை வேலைகளைப் பொருத்தியவரல்லாத ஆய்வாளர் சோதிக்க வேண்டும். அவரை உரிமையாளர் தேர்ந்தெடுக்கக் கூடாது. துறைப் பட்டியலிலிருந்து முறைவரிசைப்படி அவர் வர வேண்டும். கட்டணமும் துறை வழியே செல்ல வேண்டும்.

7. எதிர்வாதங்கள்

முதலாவது, உரிமம் சிறு ஒப்பந்ததாரரை அழித்துவிடும் என்பது. பத்தாண்டு அனுபவமுள்ள ஃபிட்டர், பட்டம் இல்லாததால் வெளியேற நேர்ந்தால் அது அநீதிதான். படிநிலை ஏற்பாடும், செய்த வேலையைத் தகுதியாகக் கணக்கில் கொள்ளும் இடைக்காலச் சலுகையும் இதற்கு விடை. நேர்மையாகக் கணக்குப் போட்டுச் சரியான விலை சொல்லும் சிறு ஒப்பந்ததாரரை இன்று அழிப்பது, கணக்கே போடாதவரின் குறைந்த கொட்டேஷன்தான்.

இரண்டாவது, மேலும் ஓர் உரிமம் என்பது மேலும் ஒரு லஞ்ச வாசல் என்பது. இது புறந்தள்ளக்கூடிய வாதம் அல்ல. அதிகாரியின் விருப்பத்தைச் சார்ந்த உரிமம் நிச்சயம் அப்படித்தான் முடியும். தேர்வு மதிப்பெண், கருவிப் பட்டியல், பொதுவெளியில் உள்ள பதிவேடு ஆகியவற்றைச் சார்ந்த உரிமத்தில் அந்த வாசல் குறுகும்.

மூன்றாவது, ஒப்பந்ததாரர் உரிமம் வந்தால் உரிமையாளர் கைகழுவிவிடுவார் என்பது. இதற்காகவே, உரிமம் பெற்றவரை அமர்த்துவது உரிமையாளரின் கடமையில் ஒரு பகுதியே, அதன் முடிவல்ல என்று சட்டம் எழுத்தில் சொல்ல வேண்டும்.

8. முடிவு

ஒன்றிய உள்துறை அமைச்சகம் 2019-இல் தீயணைப்பு, அவசரச் சேவைகளுக்கான மாதிரி மசோதாவை மாநிலங்களுக்கு அனுப்பியது. தீயணைப்பு மாநிலத்தின் பொறுப்பு என்பதால் முடிவு சென்னையில்தான் எடுக்கப்பட வேண்டும்.

சட்டம் வரும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. தொழிற்பேட்டைகளை நடத்தும் மாநில அரசு நிறுவனமான சிப்காட், தன் மனை ஒதுக்கீட்டு நிபந்தனைகளில் நீரியல் கணக்கையும் பொறுப்புப் பொறியாளரின் பெயரையும் சேர்க்கலாம். ஆலை மேலாளர் தன் பர்ச்சேஸ் ஆர்டரிலேயே இவற்றைக் கேட்கலாம். ஓட்டச் சோதனைப் பதிவு வந்த பிறகே கடைசித் தவணையைக் கொடுக்கலாம். ஆனால் சிப்காட் வேலிக்கு வெளியே, பட்டா நிலத்தில் எழும் படப்பைக் குடோனை இந்த நிபந்தனைகள் எட்டா. கொட்டேஷன் தொகை மட்டுமே பேசும் இடமும் அதுதான். அங்கே செல்லுபடியாகக் கூடியது மாநிலச் சட்டம் ஒன்றே. 1985 சட்டத்தைத் திருத்துகையில் ஒப்பந்ததாரர் உரிமத்துக்குத் தனி அத்தியாயம் எழுதுவதே அதற்கு வழி.