ஓர் இரவுத் தங்கல்

கனடாவுக்கோ ஐரோப்பிய நாடுகளுக்கோ பயணம் போகிற நம்மவர் சிலருக்கு இடைவழியில் அம்ஸ்டர்டாமில் ஓர் இரவு தங்க நேர்கிறது. பிற்பகலில் ஒரு விமானம் இறக்கிவிடும்; மறுநாள் இன்னொரு விமானம் ஏற்றிக்கொள்ளும். எனக்கும் அப்படியொரு தங்கல் வாய்க்க இருக்கிறது. பதுளையில் நண்பர்களிடம் சொன்னபோது ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். படகேறிக் கால்வாய்களைச் சுற்றிப் பார் என்றார் ஒருவர். ரெம்பிராண்டின் ஓவியங்களைத் தவறவிடாதே என்றார் இன்னொருவர். எல்லாம் நல்ல யோசனைகளே. ஆனால் ஊவா மலையிலிருந்து போகிற ஒருவர் அந்த நகரத்தில் முதலிற் பார்க்கவேண்டியது ஒரு தோட்டம் என்பது என் எண்ணம். அதற்கான காரணத்தை இங்கே சொல்ல முயல்கிறேன்.

ஒல்லாந்தர் நமக்குப் புதியவர்களல்லர். கொழும்பிலிருந்து நீர்கொழும்பு வழியாகப் புத்தளம் வரை அவர்கள் பயன்படுத்திய கால்வாயை நாம் அறிவோம். அவர்களுடைய கிழக்கிந்தியக் கம்பனி 1602இல் தோன்றியது. அந்தக் கம்பனிக் காலத்துச் செல்வத்தில் வளர்ந்த நகரமே அம்ஸ்டர்டாம். 17ஆம் நூற்றாண்டில் வெட்டிய அதன் பெருங்கால்வாய்களுக்குக் கனவான்களின் கால்வாய், சக்கரவர்த்தியின் கால்வாய், இளவரசனின் கால்வாய் என்று பெயர். விமான நிலையத்திலிருந்து நகரின் மைய நிலையத்துக்கு ரயிலிற் போகக் கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும்.

நான் சொல்லும் தோட்டம் அந்த நகரத்தின் தாவரவியற் பூங்கா. கொள்ளைநோய்க் காலத்தில் மருத்துவருக்கும் மருந்து செய்வோருக்கும் மூலிகை கற்பிக்க 1638இல் தொடங்கியது. 1682இல் இப்போதுள்ள இடத்துக்கு, ஒரு கால்வாயின் ஓரத்துக்கு, வந்தது. அந்தப் பகுதியின் பெயரே ‘பிளான்டாஜ்’. தோட்டம் என்பது அதன் பொருள். தோட்டத்திற் பிறந்தவர்கள் அந்தப் பெயர்ப்பலகையின் முன்னே ஒரு கணம் நிற்கத்தான் வேண்டும். பூங்கா பகலில்தான் திறந்திருக்கும். ஆகவே இரவுத் தங்கலுக்குப் போகிறவர் மறுநாட் காலையை அதற்கென்று ஒதுக்கிவைப்பது நல்லது.

அந்தப் பூங்காவுக்கு 1706இல் ஜாவாவிலிருந்து ஒரு கோப்பிச் செடி வந்து சேர்ந்தது. அதன் வரலாறு வியப்பானது. யேமன் நாட்டுக் கோப்பி நம் அண்டையிலுள்ள மலையாளக் கரைக்கு வந்தது. அங்கிருந்து 1690களில் ஒல்லாந்தர் அதை ஜாவாவுக்குக் கொண்டுபோனார்கள். ஜாவாவிலிருந்து அம்ஸ்டர்டாம். 1714இல் அம்ஸ்டர்டாம் நகரபிதாக்கள் பிரான்சிய மன்னர் பதினான்காம் லூயிக்கு ஒரு செடியைப் பரிசளித்தார்கள். அதன் வழித்தோன்றல் ஒன்றை 1720களில் தி கிளியூ என்ற கடற்படை அதிகாரி மார்ட்டினீக் தீவுக்குக் கொண்டுபோனார். கப்பலிலே தண்ணீர் குறைந்தபோது தன் பங்குத் தண்ணீரை அந்தச் செடியோடு பகிர்ந்துகொண்டதாக அவரே எழுதிவைத்தார். அமெரிக்கக் கண்டத்துக் கோப்பியில் மிகப் பெரும் பகுதி இப்படிப்பட்ட சில செடிகளின் வம்சமே.

ஒரு செடி எங்கே புறப்பட்டது, யார் சுமந்தது, எந்த ஆண்டில் எங்கே தங்கியது என்பதெல்லாம் எழுத்திலே இருக்கிறது.

இனி நம் மலைக்கு வருவோம். இலங்கையிலும் கோப்பியைப் பயிரிட ஒல்லாந்தர் முயன்றார்கள். ஆனால் அவர்களுக்கு ஜாவாவே முக்கியமாயிற்று. மலைநாட்டிலே காடழித்துக் கோப்பி வைத்தவர்கள் ஆங்கிலேயர். 1820களில் தொடங்கிய அந்த முயற்சி சில பத்தாண்டுகளில் ஊவாவரை பரவியது. அதற்கு வேண்டிய கைகளைத் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து கங்காணிமார் அழைத்து வந்தார்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். கோப்பிக்காலத்திலே வந்தவர்களிற் பெரும்பாலோர் தங்குவதற்காக வரவில்லை. கோப்பிப்பழம் பறிக்கும் பருவத்துக்கு வந்து, பருவம் முடிந்ததும் ஊர் திரும்பினார்கள். தோணியிலே மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து, கண்டியைக் கடந்து, ஊவாவுக்கு வருபவர்கள் இன்னும் மலைகளை ஏறி இறங்கினார்கள். வழியெங்கும் அவர்களுக்கு வாய்த்தவை ஓர் இரவுத் தங்கல்கள். எங்கே படுப்பது, எப்போது எழுவது என்பதைக் கங்காணி தீர்மானித்தார். வாந்திபேதியும் அம்மையும் வந்தபோது, சிலருக்கு அந்த ஓர் இரவே கடைசி இரவாயிற்று. அவர்களில் எத்தனை பேருக்குப் பெயர் எழுதிவைத்தார்கள்?

1869ஆம் ஆண்டு நம் வரலாற்றில் ஒரு திருப்பம். கோப்பி இலையைத் தாக்கும் துருநோய் இலங்கையில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது அந்த ஆண்டில்தான். இடம், நம் பதுளைக்குக் கிழக்கேயுள்ள மடுல்சீமை. இலையின் அடியில் செம்மஞ்சள் தூளாகப் படிந்த பூஞ்சணம் மலை மலையாகப் பரவியது. 1880இல் ஆராயவந்த மார்ஷல் வார்ட் என்ற விஞ்ஞானி, காற்றிலே பறக்கும் அதன் வித்துகளுக்கு இடையீடில்லாமல் விரிந்த கோப்பிக் காடே நல்வழியாயிற்று என்று காட்டினார். காலம் கடந்துவிட்டது. துரைமார் பலர் நொடித்துப்போனார்கள். 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் வைத்த தேயிலை, கோப்பி இருந்த இடத்தைப் பிடித்தது.

அதே 1869இல் ஆபிரகாம் ஜோசப் என்பவரின் ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’ அச்சேறியது. கோப்பிப் பயிர்ச்செய்கையைப் பாட்டாகச் சொல்லும் நூல் அது. மலையக இலக்கியத்தின் வரலாறு பேசுவோர் முதலில் எண்ணும் நூல்களில் ஒன்று. கோப்பியைப் பாடிய நூலும் கோப்பியைத் தின்ற நோயும் ஒரே ஆண்டில் வந்தன என்பது இலக்கிய அன்பர்கள் நினைவில் வைக்கத்தக்கது.

தேயிலையின் இயல்பு வேறு. அதற்குப் பருவம் இல்லை. ஆண்டு முழுவதும் கொழுந்து எடுக்கவேண்டும். ஆகவே பருவத்துக்கு வந்துபோனவர்கள் குடும்பத்தோடு லயங்களிற் குடியேறினார்கள். பிரட்டும் கொழுந்துக் கூடையும் அவர்கள் வாழ்வாயின. மடுல்சீமையின் அந்தச் சிறு பூஞ்சணம்தான் ஓர் இரவுத் தங்கலைத் தலைமுறைகளின் குடியிருப்பாக மாற்றியது என்று சொன்னால் அது மிகையாகாது.

ஆனால் சட்டம் அதை ஒப்புக்கொள்ளவில்லை. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம், தகப்பன் இந்நாட்டிற் பிறந்தவர் என்பதற்குச் சான்று கேட்டது. வழிநடையில் வந்தவர்களின் பிள்ளைகளிடம் ஏது பத்திரம்? 1964இல் இரு நாட்டுப் பிரதமர்களும் கையெழுத்திட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டார்கள். எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். பதுளையிலிருந்தும் குடும்பங்கள் தலைமன்னாருக்குக் கோச்சி ஏறின. மிச்சமிருந்த நாடற்றோருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. அம்ஸ்டர்டாமில் ஓரிரவு தங்க விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது நான் நீட்டப்போகும் கடவுச்சீட்டின் பின்னால் இத்தனை வருடங்கள் இருக்கின்றன.

செடியின் பயணம் கம்பனிக் கணக்கிலும் தாவரவியல் நூலிலும் பதிவாயிற்று. நம்முடையது ஓரளவு வாய்மொழியில் தங்கியது. சி. வி. வேலுப்பிள்ளை அலைந்து தொகுத்திராவிட்டால் நம் நாட்டார் பாடல்களிற் பல மறைந்திருக்கும். பதுளைப் பக்கத்து ஒரு தோட்டத்தின் பெயரைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டார் தெளிவத்தை ஜோசப். அதனால் அந்தத் தோட்டம் தமிழ் இலக்கியத்தில் நிலைத்தது. பதிவு என்பது இப்படியும் நடக்கும்.

வெளிநாடு போகும் நம் பிள்ளைகள் இறங்கும் விமானம், தங்கும் விடுதி, புறப்படும் மணி எல்லாவற்றையும் முன்கூட்டியே எழுதிவைக்கிறார்கள். அதே அக்கறையோடு வீட்டிலுள்ள முதியவர்களிடமும் கேட்டு எழுதட்டும்: எங்கள் ஆட்கள் எந்த ஊரிலிருந்து புறப்பட்டார்கள், எந்த வழியாக வந்தார்கள், எந்தெந்த இடத்தில் இரா தங்கினார்கள், வழியிலே யாரை விட்டுவந்தார்கள்? சொல்லத் தெரிந்தவர்கள் குறைந்துவருகிறார்கள். ஒரு கோப்பிச் செடிக்குக் கிடைத்த குறிப்பு, அதை நட வந்த குடும்பங்களுக்கும் கிடைக்கவேண்டும்.