சூக்ரூத்: பறிபோன மண்ணிலிருந்து வந்த சாப்பாடு

பாரிஸ் பிராஸரிகளைப் பத்தி நம்ம மக்கள் எழுதுறப்போ "அசல் பிரெஞ்சு சாப்பாடு"ன்னு ஒரு வரி தவறாம வந்துடும். சரி, அதோட பூர்வீகத்தைக் கொஞ்சம் கிளறுவோமா?

பிராஸரின்னா பிரெஞ்சுல பீர் காய்ச்சுற இடம். பாரிஸில் அதைப் பிரபலமாக்கினதில் பெரும்பங்கு, ஜெர்மன் எல்லையை ஒட்டிய அல்சாஸ்காரர்களுக்கு. கோல்மார் ஊரிலிருந்து வந்த போஃபிங்கர், 1864-இல் பஸ்தீல் பக்கம் கடை போட்டார். பீர், கூடவே ஊர்ச் சாப்பாடான சூக்ரூத். சூக்ரூத் வேற ஒண்ணுமில்லைங்க, மெல்லிசா சீவின முட்டைக்கோஸை உப்பு போட்டு வாரக்கணக்கில் புளிக்க வைக்கிறது. வினிகர் எல்லாம் கிடையாது, உப்பும் நாளும்தான் வேலை செய்யும். அதை வேகவைச்சு மேல சாஸேஜ், பன்றிக்கறி, உருளைக்கிழங்கு அடுக்கிக் கொடுப்பாங்க.

அப்புறம் வந்தது 1870 போர். பிரான்ஸ் தோத்தது. 1871 மே மாதம் பிராங்க்பர்ட் ஒப்பந்தப்படி அல்சாஸும் லொரேனில் ஒரு பகுதியும் ஜெர்மனி கைக்குப் போச்சு. பிரெஞ்சுக் குடியுரிமைதான் வேணும்னா 1872 அக்டோபர் 1-க்குள்ள ஊரைக் காலி பண்ணணும். வீடு, நிலம், கடை எல்லாத்தையும் விட்டுட்டுப் பல்லாயிரம் பேர் கிளம்பினாங்க. பாரிஸ்காரன் தட்டில் அதுவரைக்கும் வெறும் வெளியூர்ச் சாப்பாடா இருந்தது, பறிகொடுத்த மண்ணோட சாப்பாடா ஆயிடுச்சு.

லெயோனார் லிப் என்ற அல்சாஸ்காரர் 1880-இல் சேன் ஜெர்மேன் வீதியில் திறந்த கடைக்கு வச்ச பேரே "ரைன் நதிக்கரை பிராஸரி". ஆனா பின்னால ஜெர்மன் எதிர்ப்பு மூண்டப்போ ரைன் உதைச்சது. பேரை "லிப்"னு மாத்தினாங்க. (அதுவும் ஜெர்மன் மாதிரிதானே ஒலிக்குது, யாரும் கண்டுக்கலை போல :-)

எனக்கு ரொம்பப் பிடிச்சது அந்தச் சொல்லோட கதை. பிரெஞ்சுல 'சூ'ன்னா முட்டைக்கோஸ். அதனால சூக்ரூத்தில் முதல் பாதிதான் கோஸ்னு அவங்க காதுக்குத் தோணும். ஆனா மூலம் அல்சாஸ் பேச்சுமொழியின் 'சூர்க்ரூட்'. அதில் சூர்னா புளிப்பு, க்ரூட்தான் கோஸ்! ஜெர்மன்காரன் சவர்க்ராட்னு சொல்றதும் இதையேதான். எல்லைக்கு அந்தப் பக்கச் சொல்லுக்கு இந்தப் பக்க சட்டை மாட்டி விட்டுட்டாங்க.

அல்சாஸ் 1918-இல் திரும்பி வந்து, 1940-இல் மறுபடி பறிபோய், போர் முடியுறப்போ மறுபடி பிரான்ஸுக்கே வந்தது. 2018-இல் "அல்சாஸ் சூக்ரூத்"துக்கு ஐரோப்பிய ஒன்றியம் புவிசார் குறியீடும் கொடுத்தது.