மீஞ்சூர்: நன்னீர் தந்த ஊர்

மத்ரஸாவில் உளூச் செய்யும் பிள்ளைகளிடம், "குழாயை மெல்லத் திற" என்று நாம் சொல்லாத நாளில்லை. ஓடும் ஆற்றின் கரையில் அமர்ந்து உளூச் செய்தாலும் தண்ணீரை விரயமாக்கலாகாது என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்த ஒழுக்கம். அதன் அருமையை உணர மீஞ்சூரின் வரலாறு ஒன்றே போதும்.

ஆரணியாற்றுக்கும் கொசஸ்தலை ஆற்றுக்கும் இடைப்பட்ட வண்டல் நிலத்தில் அமைந்தது இவ்வூர். ஆறுகள் ஆண்டில் சில மாதங்களே ஓடினாலும், அவற்றின் மணற்படுகைகள் மழைநீரைத் தம்முள் காத்து வைத்தன. சென்னையின் குடிநீருக்காக 1944இல் கொசஸ்தலையின் மேற்பகுதியில் பூண்டி நீர்த்தேக்கம் கட்டப்பட்டது. 1960களின் இறுதியில் மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும், அடுத்து உர ஆலையும் எழுந்தபோது, அவற்றின் தேவைக்கு மீஞ்சூரின் நிலத்தடி நீர் இறைக்கப்பட்டது.

கடலோர நிலத்தடியில் நன்னீரின் அழுத்தமே கடல்நீரைத் தடுத்து நிறுத்துகிறது. நன்னீர் குறைந்தால் கடல் உட்புகும். இங்கும் அவ்வாறே நிகழ்ந்தது. 1969இல் கடற்கரையிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் வரை புகுந்திருந்த உப்புநீர், பின்னர் மேலும் உள்ளே பரவியது. கிணறுகள் உவர்ந்தன.

இதற்கிடையே 1970இல் எண்ணூர் அனல் மின் நிலையமும், 1994இல் அத்திப்பட்டில் வடசென்னை அனல் மின் நிலையமும், 2001இல் இன்று காமராசர் துறைமுகம் எனப்படும் எண்ணூர்த் துறைமுகமும் செயற்படத் தொடங்கின. இவை பல குடும்பங்களுக்கு ஹலாலான வருவாயைத் தந்தன என்பதை நன்றியுடன் நினைக்கிறோம். ஆயினும் நிலக்கரிச் சாம்பல் கொசஸ்தலையின் கழிமுகத்தில் படிந்து, மீனையும் இறாலையும் நம்பி வாழ்ந்தோரின் பிழைப்பை நலிவுறச் செய்தது.

2010இல் காட்டுப்பள்ளியில், கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீரை உருவாக்கும் ஆலை திறக்கப்பட்டது. அதற்கு வழங்கும் பெயர் மீஞ்சூர் ஆலை. நிலத்தடியில் இறைவன் விலையின்றி வைத்திருந்த நன்னீரை உவர்க்கவிட்ட நாம், இன்று கடலின் உப்பைப் பிரிக்கப் பெரும்பொருள் செலவிடுகிறோம்.

சகோதர சகோதரிகளே, தண்ணீர் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். தமிழ்நாட்டில் 2003 முதல் கட்டாயமாக்கப்பட்டுள்ள மழைநீர் சேகரிப்பு, நம் வீட்டிலும் மஸ்ஜிதிலும் இன்று செயற்படுகிறதா? அடுத்த மழைக்கு முன் தூர்ந்த குழிகளைத் தூர்வாருவோம். உளூச் செய்த நீரை மரங்களுக்குத் திருப்பிவிடுவோம். மண்ணுக்குள் இறங்கும் ஒவ்வொரு துளியும் கடலைப் பின்னுக்குத் தள்ளத் துணைபுரியும், இன்ஷா அல்லாஹ்.