தோலில் தோன்றும் தடிப்பும் தாதியின் பணியும்

சிவாஜிநகரில் வாழும் தமிழ் மக்களுக்குப் பௌரிங் மருத்துவமனை புதிய பெயரன்று. மைசூர்க் கமிஷனராக இருந்த லூயின் பௌரிங்கின் பெயரால், 1868-ஆம் ஆண்டு முதல் பிணி தீர்த்து வரும் இடம் அது. மருத்துவமனை எதுவாயினும், அங்கே தாதியாகச் சேரும் பெண்ணின் உள்ளத்தை ஓர் ஐயம் வாட்டுவதுண்டு. முன்கையில் இட்ட டியூபர்குலின் ஊசி தடித்துவிட்டால், தான் காசநோயாளியோ, பணிக்கு ஆகாதவளோ என்பதே அந்த ஐயம்.

இச்சோதனையின் வரலாறே இதற்கு விடை பகர்கின்றது. காசநோய்க் கிருமியை 1882-இல் கண்டறிந்த ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் காக், 1890-இல் அக்கிருமியின் சாரமாகிய டியூபர்குலினை மருந்தென அறிவித்தார். மருந்தாக அது பயன்படவில்லை. கிருமி புகுந்த உடலை அடையாளம் காட்டும் கருவியாகப் பயன்பட்டது. தோலுக்குள் அதனைச் செலுத்தும் முறையைப் பிரெஞ்சு மருத்துவர் மாந்து 1908-இல் விளக்கினார்.

தாதியரைப் பற்றிய உண்மை நார்வே நாட்டில் வெளிப்பட்டது. ஆஸ்லோவின் உல்லெவோல் மருத்துவமனையில் பயிற்சிக்கு வந்த தாதியரை, 1924 முதல் யோஹன்னஸ் ஹைம்பெக் என்னும் மருத்துவர் சோதித்து வந்தார். ஏறத்தாழப் பாதிப் பேருக்குத் தடிப்புக் கண்டது. பின்னர் நோயுற்றவர்களோ, பெரும்பாலும் தடிப்பின்றி வந்து சேர்ந்தவர்களே! முன்னரே கிருமியை எதிர்த்து அடக்கிய உடல் ஓரளவு காவல் பெற்றிருந்தது.

நம் பெங்களூரில் 1959-இல் தேசியக் காசநோய் நிறுவனம் அமைந்தது. அந்நிறுவனத்தார் 1960-61-இல் துமகூர் மாவட்டத்து ஊர்களில் ஆய்வு நடத்தினர். கிருமி புகுந்தவர் நூற்றுக்கு ஏறத்தாழ 38 பேர். சளியில் கிருமி காணப்பட்டவரோ ஆயிரத்துக்கு ஏறத்தாழ நால்வர். கிருமி புகுதல் வேறு, நோயுறுதல் வேறு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஆகவே, தடிப்புக் கண்ட தாதி செய்யத்தக்கது யாது? மார்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தல் வேண்டும். குழந்தைப் பருவத்து பி.சி.ஜி. ஊசியாலும் தடிப்புத் தோன்றக்கூடும். நோய்க்குறி இன்றி, மார்பும் தெளிவாக இருப்பின், அவரால் பிறர்க்குத் தொற்றாது, பணியைத் தொடரலாம். எனினும், அடங்கிய கிருமி பிற்காலத்தில் எழுவதுண்டு. அதனைத் தடுக்கும் மருந்து இன்று உளது. மருத்துவர் கூறின் உட்கொள்ளலாம். இரு வாரத்திற்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், உடல் மெலிவு காணின் உடனே சளியைச் சோதித்தல் நன்று.

பிறர் நோயைத் தீர்க்கப் புகுந்த மகளைத் தடிப்பொன்று கண்டு ஒதுக்குதல் அறியாமை. அதனை மறைக்கும்படி அவளை அச்சுறுத்துதலோ அதனினும் கொடிது.