சேலம் சீமையில் சப்தப்பதிவு

சேலம் நகரிலிருந்து ஏற்காடு மலையை நோக்கிச் செல்லும் சாலையில், தென்னிந்தியப் படத்தொழிலின் பெருமைகளுள் ஒன்றாக ஒரு தலைமுறைக் காலம் விளங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்தாபனத்தின் முகப்பு வளைவு இன்றும் நிற்கிறது. அவ்வழியே செல்வோரில் விஷயம் தெரிந்தவர்கள் அங்கே வசனம் எழுதிய மு. கருணாநிதியையும், பாட்டு எழுதிய கண்ணதாசனையும், அங்கே எடுத்த படங்களால் புகழ் வளர்ந்த எம்.ஜி.ஆரையும் நினைவுகூர்வது வழக்கம். அந்த மதில்களுக்குள் மனிதக் குரலைப் பழுதில்லாமல் பிடித்து வைப்பதற்காக நாள்தோறும் நடந்த பிரயாசையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. காட்சி கண்ணில் தங்கிவிடுகிறது. சப்தத்தைப் பதிந்தவனுடைய உழைப்போ, சரியாக அமைந்துவிட்டால் ஒருவர் கவனத்துக்கும் வராமலே போய்விடுகிறது. வீட்டு அறையில் கைபேசியை எதிரே வைத்துப் பாடவும் கதை சொல்லவும் தொடங்கியிருக்கும் இக்காலத்தவர் அறிய வேண்டிய சரித்திரம் அது என்பது என் அபிப்பிராயம். ஏனெனில் அவர்களுக்கு இன்று நேரும் இடைஞ்சல்களில் பெரும்பாலானவை அன்றே நேர்ந்து, அன்றே பரிகாரமும் காணப்பட்டவை.

ஸ்தாபனத்தை நிறுவிய டி. ஆர். சுந்தரம் 1907ஆம் ஆண்டு திருச்செங்கோட்டில், ஜவுளித் தொழிலில் ஊன்றிய ஒரு குடும்பத்தில் பிறந்தவர். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரம் சென்று நெசவுத் தொழில்நுட்பம் பயின்று திரும்பியவர். அவர் படத்தொழிலில் பிரவேசித்த காலத்தில் தமிழ் பேசும் படங்களுக்குத் தமிழ்நாட்டில் இடமே இருக்கவில்லை. 1931இல் வெளிவந்த ‘காளிதாஸ்’ பம்பாயில் அர்தேஷிர் இரானியின் நிலையத்தில் தயாரானது. அதற்குப் பின்னும் சில ஆண்டுகள் நடிகர்களும் பக்கவாத்தியக்காரர்களும் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் ரயிலேறிச் சென்று, பாஷை தெரியாத யந்திர நிபுணர்களின் முன்னிலையில் பாடிவிட்டு வந்தார்கள். சென்னையில் ஏ. நாராயணன் ஸ்ரீநிவாஸா சினிடோன் நிலையத்தைத் தொடங்கி 1934இல் ‘ஸ்ரீநிவாஸ கல்யாணம்’ எடுத்தபோதுதான் அந்த நிலை மாறலாயிற்று. அப்படத்தின் சப்தப்பதிவை நிர்வகித்தவர் அவருடைய மனைவி மீனாட்சி என்பதும், இந்தியாவில் அத்தொழிலில் இறங்கிய முதல் பெண்மணியாக அவர் மதிக்கப்படுகிறார் என்பதும் நம்மவர்கள் அதிகம் அறியாத செய்திகள். அடுத்த ஆண்டு, 1935இல், சுந்தரம் சேலத்தில் தம்முடைய ஸ்தாபனத்தைத் தோற்றுவித்தார். 1937இல் ‘சதி அகல்யா’ வெளிவந்தது.

அந்நாளில் பேசும் படத்துக்குச் சப்தம் பதிந்த முறையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பின்னணிப் பாடகர் என்ற வழக்கம் ஏற்படாத காலம் அது. நடிப்பவரே பாட வேண்டும். நடித்துக்கொண்டே பாட வேண்டும். படப்பெட்டி சுழலும் அதே கணத்தில் குரலும் பதிவாக வேண்டும். ஒலிவாங்கியைப் பூந்தொட்டிக்குள்ளோ மரக்கிளையிலோ திரைச்சீலைக்குப் பின்னாலோ ஒளித்து வைப்பார்கள். நடிகர் முகத்தை ஒரு பக்கம் திருப்பினால் குரல் மங்கும். இரண்டடி விலகி நின்றால் குரலைவிட அரங்கத்தின் எதிரொலி மேலோங்கும். ஆர்மோனியக்காரரும் பிடில் வித்வானும் படத்தில் விழாத தூரத்தில் அமர்ந்து, நடிகர் நடந்தால் தாங்களும் சந்தடியில்லாமல் கூடவே நகர்ந்து வாசிக்க நேரும். மௌனப்பட காலத்தில் இரைந்துகொண்டே வெளிச்சம் கொடுத்த கார்பன் விளக்குகள் இப்போது உதவவில்லை. படப்பெட்டியின் கடகட சப்தம் ஒலிவாங்கிக்கு எட்டாதபடி அதனை உறையிட்டு மூட வேண்டியிருந்தது. மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பல விளக்குகளின் உஷ்ணத்தில் ராஜ உடையும் கிரீடமும் அணிந்து வியர்வை வழிய நின்று பாடியவர்களுடைய குரலைத்தான் நாம் அந்தப் பழைய படங்களில் கேட்கிறோம். திறந்தவெளியில் படமெடுத்தபோது காக்கைகளை விரட்டுவதற்கென்றே ஆள் வைக்க வேண்டியிருந்தது என்றால், சாதாரணமாக நம் காதில் விழாத ஓசைகள்கூட யந்திரத்தின் காதில் எவ்வாறு விழுகின்றன என்பது விளங்கும். மனிதனுடைய செவி வேண்டாத ஓசையைத் தானே விலக்கிக்கொள்ளும் விவேகம் பெற்றது. ஒலிவாங்கிக்கு அந்த விவேகம் கிடையாது.

இத்தனைக்கும் பதிந்ததை உடனே கேட்டுப் பார்க்கும் வசதி அன்று இல்லை. குரல் மின்னோட்டமாகி, மின்னோட்டம் ஒளியின் ஏற்றத்தாழ்வாகி, அந்த ஒளி பிலிம் சுருளில் ஒரு கோடாகப் படிய, அச்சுருளைக் கழுவி உலர்த்திய பிறகே குறை இன்னதென்று தெரியவரும். குறையிருந்தால் காட்சி முழுவதையும் மறுபடி எடுக்க வேண்டும். பிலிமோ கடல் கடந்து வந்த பண்டம். ஆகையால் பதிவதற்கு முன்னமே இடத்தையும் தூரத்தையும் நிசப்தத்தையும் சீர்செய்துகொள்ளும் ஒழுக்கம் இத்தொழிலில் இருப்பவர்களுக்குக் கட்டாயமாயிற்று. அவர்களிடமிருந்து நாம் கற்க வேண்டியவற்றுள் தலையாயது அந்த ஒழுக்கமே என்று நான் கருதுகிறேன்.

இப்படிப்பட்ட சாதனங்களைக் கொண்டுதான் மாடர்ன் தியேட்டர்ஸ் 1938 ஜனவரியில் ‘பாலன்’ படத்தை வெளியிட்டது. எஸ். நொட்டாணி இயக்க, கே. கே. ஆரூரும் எம். கே. கமலமும் நடித்த அந்தப் படம்தான் முதல் மலையாளப் பேசும் படம். ஜெர்மானியரான போடோ குஷ்வாக்கர் அதன் ஒளிப்பதிவைச் செய்தார். கேரள தேசத்து மக்கள் தங்கள் தாய்மொழியைத் திரையிலிருந்து முதன்முதலாகக் கேட்டது சேலத்து ஸ்தாபனம் ஒன்றின் முயற்சியால் என்பதை நம் ஊர்க்காரர்கள் இன்னும் சற்று உரக்கவே சொல்லிக்கொள்ளலாம். 1940இல் பி. யு. சின்னப்பா இரட்டை வேடத்தில் நடித்துத் தாமே பாடிய ‘உத்தம புத்திர’னும் இங்கிருந்து வந்ததே.

யந்திரத்தைவிட இடமே முக்கியம் என்ற உண்மை பேசும் படத்துக்கு முன்பே தெரிந்திருந்தது. 1902 நவம்பரில் கிராமபோன் கம்பெனியைச் சேர்ந்த கெய்ஸ்பெர்க், கல்கத்தாவில் ஒரு ஹோட்டல் அறையைப் பதிவுக்கூடமாக மாற்றி, சுவரோரம் ஒரு பெரிய புனலை நிறுத்தி, கௌஹர் ஜானைப் பாட வைத்தார். மின்சாரம் கலவாத பதிவு அது. குரலின் வேகமே ஊசியை அசைத்து மெழுகுத் தட்டில் கோடு கீற வேண்டும். அக்காலத்தில் சப்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் இருந்த ஒரே உபாயம் ஆளை நகர்த்துவதுதான். மெல்லிய குரலுடையவர் புனலின் வாயருகே, உரத்த வாத்தியம் அறையின் கோடியில் என்று ஒவ்வொருவருக்கும் இடம் குறிப்பார்கள். பாட்டின் முடிவில் கௌஹர் ஜான் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்லுவார். தட்டு அச்சாகும் ஹானோவர் நகரத்துத் தொழிலாளருக்குப் பாடியவர் யார் என்று தெரிய வேண்டுமல்லவா? 1925க்குப் பின் ஒலிவாங்கி வந்து புனலை ஓய்வு பெறச் செய்தபோதும், தூரத்தைப் பற்றிய அந்த ஞானம் பழையதாகிவிடவில்லை.

அறையைப் பற்றிய ஞானத்தை அளித்தவர் அமெரிக்காவின் ஹார்வர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த வாலஸ் ஸபைன். புதிதாகக் கட்டிய ஒரு பிரசங்க மண்டபத்தில் சொல்லிய சொல் ஐந்தரை விநாடி வரை மறையாமல் சுழன்று, அடுத்த சொல்லின்மீது விழுந்து குழப்பியது. காரணம் காணும்படி 1895இல் அவரைக் கேட்டுக்கொண்டார்கள். அவர் பக்கத்து அரங்கத்திலிருந்து ஆசன மெத்தைகளை இரவில் சுமந்து வரச் செய்து, ஊர் அடங்கிய வேளையில் ஒவ்வொன்றாக அடுக்கி, எத்தனை மெத்தைக்கு எதிரொலி எவ்வளவு குறைகிறது என்று கணக்கிட்டார். இன்றைய அரங்கச் சாஸ்திரம் முழுவதற்கும் அஸ்திவாரம் அந்த இரவுகளில் இடப்பட்டது. கல்லும் சுண்ணமும் கண்ணாடியும் சப்தத்தைத் திருப்பி அனுப்புகின்றன. பஞ்சும் துணியும் அதனை உள்வாங்கிக்கொள்கின்றன. நூலும் துணியுமாகவே வாழும் சேலம், நாமக்கல் ஜில்லாக்களுக்கு இதைவிட அனுகூலமான ஒரு விஞ்ஞான உண்மை இருக்க முடியாது.

1938இல் ஏவி. மெய்யப்பனின் ‘நந்தகுமார்’ படத்தில் ஒருவர் பாட மற்றொருவர் வாயசைக்கும் முறை தமிழுக்கு வந்தது. அதனால் விளைந்த பெரிய நன்மை, பாட்டு படப்பிடிப்பு அரங்கத்தை விட்டு அமைதியான ஓர் அறைக்குள் சென்றதே. 1950இல் ஜி. ராமநாதன் இசையமைத்த ‘மந்திரி குமாரி’யையும், 1956இல் வண்ணத்தில் வந்த ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ படத்தையும் முன்னைய படங்களோடு ஒப்பிட்டுக் கேட்பவர்கள், குரலுக்கும் வாத்தியத்துக்கும் இடையே ஏற்பட்டிருக்கும் தெளிவைத் தாமே உணர்வார்கள். 1963இல் சுந்தரம் காலமானார். அவருடைய ஸ்தாபனம் அதற்குப் பின்னும் சில காலம் இயங்கி ஓய்ந்தது.

அதற்குள் பதிவுத்தொழில் ஸ்டூடியோவை விட்டு ஊருக்குள் இறங்கிவிட்டது. காந்த நாடாவே அதற்குக் காரணம். 1965இல் பிரெண்டா பெக் என்ற ஆராய்ச்சியாளர் காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் தங்கி, அண்ணன்மார் சுவாமி கதையை ஒரு பாடகர் உடுக்கை ஒலியோடு பாடக் கேட்டு நாடாவில் பதிந்தார். கொங்கு நாடு முழுவதும் பரம்பரையாய்ப் பாடப்பட்டு வந்த அந்த நெடுங்கதை, அச்சேறி உலகத்தாருக்குக் கிடைப்பதற்கு அந்தப் பதிவே ஆதாரமாயிற்று. பின்னர் காசெட் வந்தது. வெளிநாட்டுக்குப் பிழைக்கப் போனவர்கள் கொண்டுவந்த டேப்ரிக்கார்டர்கள் கிராமந்தோறும் புகுந்தன. மேச்சேரி, ஓமலூர்ப் பக்கத்துக் கூத்துகளையும், மாரியம்மன் பண்டிகைப் பாட்டுகளையும், பாட்டிமார் பாடிய தாலாட்டையும் ஒப்பாரியையும் சாதாரண ஜனங்கள் தாங்களே பதிந்து வைத்தார்கள். அவற்றில் பல காதுக்கு இனிமையாக இல்லை என்பது உண்மைதான். கூத்து மேடையின் ஒலிபெருக்கிக்கு எதிரிலேயே பெட்டியை வைத்ததால் முகவீணையின் ஓசை உடைந்தது. சிமெண்டுத் தரையும் வெறுஞ்சுவருமான அறையில் பாடச் சொன்னதால் கிழவியின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஆயிற்று.

இன்று பள்ளிபாளையத்திலோ குமாரபாளையத்திலோ இளம்பிள்ளையிலோ ஒரு வீட்டில் அமர்ந்து பதிவு செய்ய விரும்புகிறவருக்கு முதல் எதிரி விசைத்தறி. தறிச் சத்தத்தின் கனத்த பகுதி சுவரைத் துளைத்துக்கொண்டு வரும். எத்தனை போர்வை தொங்கவிட்டாலும் அது நிற்காது. துணி அறைக்குள் பிறக்கும் எதிரொலியை விழுங்குமேயன்றி வெளியிலிருந்து வரும் இரைச்சலைத் தடுக்காது. இந்த வித்தியாசத்தை அறியாமல் பணத்தை விரயம் செய்கிறவர்கள் பலர். வெளிச் சத்தத்துக்கு வேளையைத் தேர்ந்தெடுப்பதே வழி: தறி ஓடாத விடுமுறை நாள், அல்லது மாதாந்திரப் பராமரிப்புக்காக ஊர் முழுவதும் கரண்டு நிறுத்தப்படும் பகல். அந்தப் பகலில் விசிறியும் குளிர்பெட்டியும்கூட அடங்கியிருக்கும். பதிவுக் கருவிக்கோ பாட்டரி போதும். உட்புற எதிரொலிக்கு வைத்தியம் நம் வீட்டிலேயே இருக்கிறது. தார்சு வீட்டின் காலிக் கூடத்தைவிட, நூல் மூட்டைகள் அடுக்கிய அறை எவ்வளவோ மேல். அது இல்லாவிட்டால், காவேரிக்கு அக்கரையில் பவானியில் நெய்யும் கனத்த ஜமுக்காளங்கள் இரண்டைப் பாடுகிறவரின் முதுகுப்புறத்திலும் பக்கவாட்டிலும், சுவரை ஒட்டாமல் ஒரு சாண் இடைவெளி விட்டுத் தொங்கவிடலாம்; கீழே இன்னொன்றை விரிக்கலாம்.

தூரத்தைப் பொறுத்தவரை கிராமபோன் காலத்து விதியே இன்றும் விதி. வாய்க்கும் ஒலிவாங்கிக்கும் உள்ள இடைவெளியைப் பாதியாக்கினால் நேராக வரும் குரல் ஆறு டெசிபல் உயரும். அறையின் எதிரொலியோ இருந்தபடியே இருக்கும். பேச்சுக்கு ஒரு சாண், வாய் திறந்து பாடும் பாட்டுக்கு ஒரு முழம் என்று வைத்துக்கொண்டு, ‘ப’ என்னும் எழுத்தின் மூச்சு நேரே மோதாதபடி ஒலிவாங்கியைச் சற்றுப் பக்கமாகத் திருப்பிவிட்டால் போதும். உடுக்கையும் தாளமும் உடன் இருந்தால் அவற்றை நாலு முழம் பின்னுக்குத் தள்ளி உட்கார வைக்கலாம். சப்த அளவு தானாகவே ஏறி இறங்கும்படி கருவியில் ஏற்பாடு இருந்தால் அதனை அணைத்துவிட்டு, மிக உரத்த இடத்திலும் முள் உச்சியைத் தொடாதபடி முன்னதாகவே ஒரு முறை பாடச் சொல்லிப் பார்த்துக்கொள்வது நலம். உச்சியைத் தொட்டு உடைந்த குரலைப் பின்னால் எந்த யந்திரத்தாலும் பழையபடி ஒட்ட முடியாது.

சேலம், நாமக்கல் சீமையில் உடுக்கைப் பாட்டும் கூத்துப் பாட்டும் தெரிந்த முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பரண்களில் பழைய காசெட்டுகளும் இருக்கின்றன. வாசகர்கள் அந்தக் காசெட்டுகளை ஒலிபெருக்கியின் காந்தத்துக்கு அருகில் வைக்காமல் எடுத்து, நல்ல கருவியில் ஒரு முறை ஓடவிட்டுச் சுருக்கப்படாத டிஜிட்டல் கோப்பாக மாற்றி, இரண்டு இடங்களில் பத்திரப்படுத்த வேண்டுகிறேன். முதியவர்களைப் புதிதாகப் பதிகிறவர்கள், அவர்கள் சம்மதத்தைப் பெற்று, பாட்டுத் தொடங்குமுன் பாடுகிறவரின் பெயர், ஊர், தேதி, யாரிடம் கற்றார் என்ற விவரம் ஆகியவற்றை அவர் வாயாலேயே சொல்லச் செய்து, அதையும் சேர்த்துப் பதிந்து வையுங்கள்.