‘பரப்ப’ வந்த வழி

அரசியல் சட்டத்தின் 25-ஆவது பிரிவு, மதத்தை ஏற்கலாம், பின்பற்றலாம், பரப்பலாம் என்கிறது. ‘பரப்ப’ என்பதில் பிறரை மதம் மாற்றும் உரிமை அடங்காது என்று 1977-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எனக்கு வேண்டியிருந்தது வேறு: அந்தச் சொல்லை உள்ளே கொண்டுவந்தது யார்?

அரசியல் நிர்ணய சபையின் 1948 டிசம்பர் 6 விவாதத்தை எடுத்தேன். கிறிஸ்தவ உறுப்பினர்கள்தான் வரிந்துகட்டியிருப்பார்கள் என்ற நினைப்பு. சொல்லை எடுத்துவிடச் சொன்னவர் ஒரிசாவின் லோகநாத் மிஸ்ரா. இருக்கட்டும் என்று வாதாடியவர்களோ லட்சுமி காந்த மைத்ரா, கே. சந்தானம், டி. டி. கிருஷ்ணமாச்சாரி, கே. எம். முன்ஷி. நால்வரும் இந்துக்கள்! கிறிஸ்தவ நிறுவனங்களில் 14 வருஷம் படித்தேன், என்னை மாற்ற யாரும் முயலவில்லை என்றார் டி.டி.கே. சபைக்கு அப்போது தலைமை வகித்த எச். சி. முகர்ஜி கிறிஸ்தவர், அந்த நாற்காலியில் இருப்பவர் கட்சி பேச முடியாது.

துப்பு முன்ஷியின் பேச்சில் கிடைத்தது. இது சமூகங்களுக்கிடையே ஏற்பட்ட சமரசம் என்கிறார். அப்படியானால் பேச்சு நடந்த இடம் ஒன்று இருக்கவேண்டுமே. பி. சிவராவ் தொகுத்த ஆவணங்களில் பின்னோக்கிப் போனேன். 1947 மார்ச்சில் அதே முன்ஷி எழுதிக்கொடுத்த வரைவில் ‘பரப்ப’ இல்லை. ஏப்ரலில், சிறுபான்மையினர் துணைக்குழுவின் நடவடிக்கைக் குறிப்பில் ஆள் அகப்பட்டார்: எம். ரத்னசாமி. கத்தோலிக்கர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் அந்நாளைய துணைவேந்தர். கிறிஸ்தவமும் இஸ்லாமும் இயல்பிலேயே ஆள் சேர்க்கும் மதங்கள், பரப்ப இடம் வேண்டும் என்று ஒளிவுமறைவின்றிச் சொல்லியிருக்கிறார்.

வேலை முடிந்தது என்றுதான் எண்ணினேன். ஆனால் அதே தொகுப்பில், அதே பிரிவைப் பற்றி ராஜகுமாரி அம்ரித் கௌர் எழுதிய ஆட்சேபம் கிடந்தது. கபூர்தலா அரச குடும்பத்துக் கிறிஸ்தவர்; அடிப்படை உரிமைகள் துணைக்குழுவில் இருந்தவர். ‘பின்பற்ற’ என்று தாராளமாக எழுதினால் பர்தாவும் தேவதாசி முறையும் அதற்குள் ஒளிந்துகொள்ளும், சீர்திருத்தச் சட்டங்கள் முடங்கும் என்பது அவர் கவலை. வழிபாட்டு உரிமை மட்டும் போதும் என்றார். ஹன்சா மேத்தாவும் அவர் பக்கம். சமூகச் சீர்திருத்தச் சட்டங்களுக்கு இந்தப் பிரிவு தடையாகாது என்ற உட்பிரிவு பின்னர் சேர்ந்தது.

குறிப்பேட்டில் ‘கிறிஸ்தவர் தரப்பு’ என்று ஒரே தலைப்பு போட்டு வைத்திருந்தேன். அடித்துவிட்டு, ரத்னசாமிக்கு ஒரு பக்கமும் அம்ரித் கௌருக்கு ஒரு பக்கமும் ஒதுக்கினேன்.